இரும்பும் ஏடும்: பாதி மீட்டமைக்கப்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மதிப்பு எங்கே இருக்கிறது?

கேள்வியின் வரலாறு

நன்கு பராமரிக்கப்பட்டு, ஓரளவு மட்டுமே மீட்டமைக்கப்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைமாறும்போது, வாங்குபவர் உண்மையில் எதற்குப் பணம் தருகிறார் என்ற கேள்விக்கு ஒன்றோடொன்று பொருந்தாத பல விடைகள் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்துள்ளன. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின் தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று ஏதென்ஸ் அறிஞர்கள் வாதிட்டதைப் புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய தேவாலயங்களைப் பற்றியும், இருபதாம் நூற்றாண்டில் ஓவியங்களைப் பற்றியும் எழுந்த அந்த வாதம் இன்று மோட்டார் வாகனங்களைப் பற்றியும் எழுகிறது.

பட்டறைகளில் ரெஸ்டோரேஷன் என்று சொல்லப்படும் முழு மீட்டமைப்புக்கும், கை படாத பழைய நிலைக்கும் சந்தையில் தனித்தனி மொழியும் தனித்தனி விலையும் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் காருக்கு, அதாவது எஞ்சின் பிரித்துச் சீர்செய்யப்பட்டு, இருக்கைத் தோல் பழையதாகவே விடப்பட்டு, அடித்தகடு மட்டும் புதிதாகப் பற்றவைக்கப்பட்ட காருக்கு, அப்படியொரு மொழி இன்னும் உருவாகவில்லை. சிங்கப்பூரில் இச்சிக்கலோடு காலக்கெடு உள்ள அரசுச் சான்றிதழ் ஒன்றும் சேர்ந்துகொள்வதால், உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டைப் பட்டறையில் நிற்கும் காரின் மதிப்பும் லண்டன் ஏலக்கூடத்தில் நிற்கும் அதே மாதிரிக் காரின் மதிப்பும் வெவ்வேறு அளவுகோல்களால் அளக்கப்படுகின்றன. இக்கட்டுரை முக்கிய நிலைப்பாடுகள் நான்கையும், அவற்றின் மேல் சிங்கப்பூர்ச் சட்டம் செலுத்தும் தாக்கத்தையும் மதிப்பிட முயல்கிறது.

சொற்கள் நாட்டுக்கு நாடு மாறுதல்

விண்டேஜ், கிளாசிக் ஆகிய சொற்களுக்கு உலகப் பொதுவான எல்லை இல்லை. 1934-ல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப், 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களையே விண்டேஜ் என்று கொள்கிறது. இந்தியாவில் 2021-ல் வெளியான விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்ததும், சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாததுமான வாகனம் விண்டேஜ் ஆகும். சிங்கப்பூரில் 1940-க்கு முன் செய்யப்பட்டவை விண்டேஜ் வாகனங்கள். முதற்பதிவிலிருந்து குறைந்தது 35 ஆண்டுகள் கடந்தவை கிளாசிக் திட்டத்துக்கு உரியவை. ஆகவே 1965-ல் பதிவான ஓர் எம்ஜிபி திறந்த கார், இந்தியாவில் அதன் உடலும் எஞ்சினும் மாறாதிருந்தால் விண்டேஜ் ஆகலாம். சிங்கப்பூரில் கிளாசிக் ஆகலாம். மேற்சொன்ன பிரிட்டிஷ் கிளப்பின் கணக்கிலோ விண்டேஜ் ஆகவே ஆகாது. இந்திய வரையறை வயதோடு மூலநிலையையும் கேட்கிறது என்பது இங்கே கருதத்தக்கது. மீட்டமைப்பின் அளவு சட்டத் தகுதியையே மாற்றக்கூடும் என்பதை அது ஏற்றுக்கொள்கிறது.

முதல் நிலைப்பாடு: முழுமையாகப் புதுப்பித்தல்

காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குக் கொண்டுசெல்வதே அதற்குச் செய்யும் மரியாதை என்பது முதல் நிலைப்பாடு. ஒரு கட்டடத்தை, அது எந்தக் காலத்திலும் எட்டியிராத முழுமைக்குக்கூடக் கொண்டுசெல்லலாம் என்று கருதிய பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் வியோலே-லெ-டியூக்கிடம் இதன் வேரைக் காணலாம். மோட்டார் உலகில் இந்நோக்கை வளர்த்தவை அழகுப்போட்டிகள். அவற்றுள் பெயர்பெற்ற கலிபோர்னியாவின் பெபிள் பீச் போட்டி 1950-ல் தொடங்கியது. கண்ணாடிபோல் மின்னும் வண்ணப்பூச்சுக்கும் சீரான கதவு இடைவெளிக்கும் அங்கே நெடுங்காலம் முதலிடம் இருந்தது.

இந்த நிலைப்பாட்டின் வலிமை, வாங்குபவருக்குக் கிடைக்கும் உறுதி. துரு எங்கே ஒளிந்திருக்கிறது என்ற அச்சம் குறைகிறது. அதன் பலவீனங்கள் இரண்டு. முதலாவது, மீட்டமைப்புக்கான செலவு விற்பனையில் முழுமையாகத் திரும்பக் கிடைப்பது அரிது. கூலி மிகுந்த நாடுகளில் சாதாரண மாதிரிகளுக்கு இது இன்னும் பொருந்தும். இரண்டாவது, பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுக்கும்போது காரின் வரலாற்றுத் தடயங்களும் சேர்ந்து போகின்றன. போனவை மீண்டும் வருவதில்லை. தமிழகக் கோயில்களில் மணலை வீசியடித்துக் கற்சுவர்களைத் துப்புரவு செய்தபோது கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்ததை அறிந்தவர்களுக்கு இந்த இழப்பின் தன்மை எளிதில் விளங்கும்.

இரண்டாம் நிலைப்பாடு: மூலத்தைக் காத்தல்

இதற்கு நேரெதிராக, மீட்டமைப்பு என்பதே ஒருவகை அழிப்பு என்று ஜான் ரஸ்கின் 1849-ல் வாதிட்டார். வில்லியம் மாரிஸ் 1877-ல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவி அக்கருத்தை இயக்கமாக்கினார். 1903-ல் ஆஸ்திரிய அறிஞர் அலோயிஸ் ரீகல், ஒரு பொருளின் மேல் காலம் பதித்த தடத்துக்கே தனி மதிப்பு உண்டென்று விளக்கி, அதை வயது மதிப்பு என்று வகைப்படுத்தினார். 1964-ன் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்ற நெறியை வகுத்தது.

இந்தச் சிந்தனை கார்களை எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 1966-ல் தோன்றியது எனினும், தனது டூரின் சாசனத்தை 2012-ல்தான் ஏற்றது. உள்ளதைக் காப்பதற்கு முதலிடமும், மீட்டமைப்புக்கு அதன் பின்னரே இடமும் தரும் அச்சாசனம், செய்த மாற்றங்களை ஆவணப்படுத்துவதையும் வலியுறுத்துகிறது. சந்தையும் இதே திசையில் நகர்ந்தது. பிரான்ஸில் பல ஆண்டுகள் கொட்டகையில் தூசு படிந்து கிடந்த பயோன் சேகரிப்பின் கார்கள் 2015-ல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தபோது, அவற்றுள் பழைய இதழ்களின் குவியலுக்கடியில் இருந்த ஃபெராரி கலிபோர்னியா ஸ்பைடர் ஒன்று 1.6 கோடி யூரோவுக்கும் மேல் விலைபோனது.

ஆயினும் இந்த அளவுகோலை அப்படியே வெப்பமண்டலத்துக்குக் கொண்டுவர முடியுமா என்பது ஐயத்துக்குரியது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் ரப்பர் உறைகள் விரைவில் நலிகின்றன. தோல் இருக்கைகளில் பூஞ்சணம் படிகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதால், ஓடாமல் நிற்கும் காரின் பிரேக் பிஸ்டன்கள் துருப்பிடித்து இறுகுகின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் 1998-ல் சிங்கப்பூரில் நிறுத்தப்பட்ட பின், அதை நம்பி வடிவமைக்கப்பட்ட பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளைக் கடின உலோக வளையங்களால் மாற்றுவது பெரும்பாலும் தேவையாயிற்று. இந்த மாற்றம் வெளியே தெரியாது; ஆனால் அது இல்லாமல் மூல எஞ்சின் நெடுநாள் ஓடாது. இங்கே மூலத்தைக் காப்பதற்கே மூலத்தில் கைவைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நிலைப்பாடு: தொடர்ச்சியே அடையாளம்

பாகங்கள் மாறினாலும் இடையறாத வரலாறு இருந்தால் கார் அதே கார்தான் என்பது மூன்றாம் நிலைப்பாடு. இதற்கு மிகத் தெளிவான சான்று 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு விற்பனை வழக்கு. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார், ஓல்டு நம்பர் ஒன் என்ற பெயரில் புகழ்பெற்றிருந்தது. பந்தயக் காலத்திலேயே அதன் பல பாகங்கள் மாறின; 1932-ல் எட்டு லிட்டர் எஞ்சினோடு புரூக்லாண்ட்ஸில் ஓடி, ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ உயிரிழந்த விபத்துக்குப் பின், அது வேறு உடலோடு மீண்டும் கட்டப்பட்டது. அதை வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், அது உண்மையான ஓல்டு நம்பர் ஒன் அல்ல என்று சொல்லிப் பின்வாங்கியபோது, நீதிபதி ஆட்டன் விற்பவர் பக்கமே தீர்ப்பளித்தார். 1929-ல் இருந்த உலோகத்தில் பெரும்பகுதி இல்லையெனினும், எந்தக் கட்டத்திலும் அறுபடாத வளர்ச்சி இருந்ததால் அந்தப் பெயருக்கு உரிமையுள்ள கார் அதுவே என்பது தீர்ப்பின் சாரம்.

இந்த நோக்கு தமிழ் மரபுக்கு அந்நியமானதன்று. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-ல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயில், திருப்பணி முடிந்து 2023 பிப்ரவரியில் குடமுழுக்குக் கண்டது. சுதைச் சிற்பங்கள் புது வண்ணம் பெற்றன என்பதற்காக அதை வேறு கோயில் என்று எவரும் கருதுவதில்லை. பண்பாட்டுக்குப் பண்பாடு மூலத்தன்மையின் பொருள் மாறும் என்பதை 1994-ன் நாரா ஆவணமும் ஏற்றுக்கொண்டது. எனினும் இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. கோயிலின் தொடர்ச்சிக்கு ஊரே சாட்சி. காரின் தொடர்ச்சிக்குப் பெரும்பாலும் காகிதங்களே சாட்சி. காகிதம் தொலைந்தால் தொடர்ச்சியும் மெய்ப்பிக்க முடியாததாகிவிடுகிறது. சட்டக எண் பலகை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு புதுக் காரைக் கட்டுபவருக்கும் இந்த வாதம் கதவைத் திறந்துவிடக்கூடும்.

நான்காம் நிலைப்பாடு: சந்தை சொல்லும் விலை

மதிப்பு குறித்த வாதமெல்லாம் வீண், வாங்குபவர் தரும் விலையே மதிப்பு என்பது வணிகர்களின் நிலைப்பாடு. கார்களை நான்கு அல்லது ஆறு தரங்களாகப் பிரித்து, தரத்துக்கு ஒரு விலை குறிக்கும் கையேடுகள் இதன் கருவிகள். ஆனால் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது விலை உண்மையைச் சொல்லாது என்பதை, பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் விளக்கினார். 2001-ல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொள்ள இப்பணி வழிவகுத்தது. நல்ல காரையும் கெட்ட காரையும் பிரித்தறிய இயலாத வாங்குபவர் இரண்டுக்கும் நடுத்தர விலையே தர முன்வருவார். அதனால் நல்ல காரை வைத்திருப்பவர் விற்காமலே இருந்துவிடுவார் என்பது அவ்வாதத்தின் அடிப்படை.

ஓரளவு மீட்டமைக்கப்பட்ட காரே இச்சிக்கலில் மிகுதியாக அகப்படுகிறது. முழு மீட்டமைப்பைக் கண்ணால் ஓரளவு காணலாம். கை படாத நிலையையும் காணலாம். எந்தப் பாதி புதிது, எந்தப் பாதி பழையது என்பதோ விற்பவர் சொன்னால்தான் தெரியும். தரப்பட்டியல்கள் காருக்கு ஒரே ஓர் எண்ணைத் தருவதால், முதல்தர எஞ்சினும் மூன்றாந்தர உடலும் கொண்ட காரை அவற்றால் நேர்மையாகக் குறிக்க இயலாது.

சிங்கப்பூர்: இரும்பின் விலையும் சான்றிதழின் விலையும்

1990 மே மாதம் நடைமுறைக்கு வந்த வாகன ஒதுக்கீட்டு முறையின்படி, சிங்கப்பூரில் காரைச் சாலையில் ஓட்ட, ஏலத்தில் பெறும் வாகன உரிமைச் சான்றிதழ் தேவை. பேச்சுவழக்கில் சிஓஇ எனப்படும் இது பத்தாண்டுக்கே செல்லும். அதன் பின் காரின் பதிவை நீக்க வேண்டும். அல்லது முந்தைய மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டி ஐந்து அல்லது பத்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மேலும் நீட்டிக்க முடியாது. பத்தாண்டுக்குள் பதிவை நீக்குபவருக்குக் கிடைக்கும், பார்ஃப் என வழங்கும் பதிவுக் கட்டணக் கழிவு, காரைத் தொடர்ந்து வைத்திருப்பவருக்குக் கிடைப்பதில்லை. மாறாக, பத்தாண்டைக் கடந்த காரின் சாலை வரி 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை உயர்கிறது. ஆய்வும் ஆண்டுதோறும் கட்டாயமாகிறது. காரைக் காப்பவரைவிட அதைக் கைவிடுபவருக்கே இக்கொள்கை சாதகமானது என்று சொல்ல இடமுண்டு. அதன் நோக்கம் சாலை நெரிசலைக் குறைப்பது என்பதையும் மறக்கலாகாது.

இதனால் விலை எப்படிக் குழம்புகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கு காட்டும். சான்றிதழைப் பத்தாண்டுக்குப் புதுப்பிக்க 1,00,000 வெள்ளி கட்டிய கார் ஒன்றுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் மீதமிருந்தால், சான்றிதழின் எஞ்சிய மதிப்பு 40,000 வெள்ளி. அதை 65,000 வெள்ளிக்கு விற்பவர் காருக்கென்று கேட்பது 25,000 வெள்ளியே. அதே கார் ஆறு மாதம் மட்டுமே மீதமிருக்கும்போது 30,000 வெள்ளிக்கு வந்தால், காருக்கென்று கேட்கப்படுவது அதே 25,000 வெள்ளிதான். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கோ அது பாதி விலைக்கும் கீழே இறங்கிவிட்டதாகத் தோன்றும். சான்றிதழ் விலையும் நிலையானதன்று. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவில் அது 2 வெள்ளிக்கு இறங்கியது. 2023 அக்டோபரில் அப்பிரிவில் 1,06,000 வெள்ளியையும், பெரிய கார்களுக்கான பி பிரிவில் 1,50,001 வெள்ளியையும் தொட்டது. இத்தகைய ஏற்றத்தாழ்வில், பட்டறையில் மாதக்கணக்கில் செய்த நுண்ணிய வேலையின் மதிப்பு விலைப்பேச்சில் மறைந்துபோவது வியப்பன்று.

35 ஆண்டைக் கடந்த காரைக் கிளாசிக் திட்டத்துக்கு மாற்றினால் செலவு பெரிதும் குறையும். ஆனால் ஆண்டுக்கு 45 நாள்களுக்கு மேல் ஓட்ட முடியாது. ஆகவே 34 ஆண்டு ஆன காரை விற்பவரும் 35 ஆண்டு ஆன காரை விற்பவரும் இருவேறு வகை வாங்குபவர்களிடம் பேசுகிறார்கள்: ஒருவர் நாள்தோறும் ஓட்ட நினைப்பவர், மற்றவர் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளுக்காக வாங்குபவர்.

எல்லையை ஒட்டிய உட்லண்ட்ஸில் இன்னொரு நுட்பமும் உண்டு. சோதனைச்சாவடியைக் கடந்து வெளியேறும் சிங்கப்பூர் கார்களில் முக்கால் தொட்டி எரிபொருள் இருக்க வேண்டும் என்பது 1991 முதல் உள்ள விதி. அதற்கு ஈராண்டு முன் அது பாதித் தொட்டி என்றே தொடங்கியது. குறைந்த கூலிக்காக ஜொகூர் பாருவின் பட்டறைகளை நாடும் உரிமையாளருக்கு, தொட்டிக்குள் மிதக்கும் உணர்கருவி பழுதாகி முள் ஆடாமல் நிற்பது வெறும் பழமையின் அழகாக இருக்க முடியாது. வேறு நாட்டில் மூலநிலை என்று பெருமையாகச் சொல்லத்தக்க ஒரு குறை, கடற்பாலத்தின் முன் சட்டச் சிக்கலாகிறது.

ஒரு பாகத்தை உற்றுநோக்கினால்

பொதுக் கோட்பாடுகள் ஒரு பாகத்தில் எப்படிச் சந்திக்கின்றன என்பதற்கு, 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட எம்ஜிபியின் சில் நல்ல எடுத்துக்காட்டு. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித்தகடே சில். தனிச் சட்டகம் இல்லாத இக்காரில், வெளித்தகடும் நடுத்தகடும் உள்தகடும் சேர்ந்து உடலின் பாரத்தைத் தாங்குகின்றன. வெளித்தகட்டை மட்டும் மாற்றி வண்ணமடித்துவிட்டால் பார்வைக்குப் புதிதாகத் தெரியும். உள்ளே நடுத்தகடு துருவில் கரைந்துகொண்டிருக்கலாம். தாங்கு கொடுக்காமல் தகட்டை வெட்டியிருந்தால் உடல் நடுவில் தொய்ந்து, கதவின் மேல்விளிம்பு இடைவெளி சுருங்கியிருக்கும். வண்ணத்தின் தடிமனை அளக்கும் சிறு கருவியை வைத்தால், தொழிற்சாலைப் பூச்சு சாதாரணமாக நூற்றுச் சொச்சம் மைக்ரானும், மாவுப்பூச்சு நிரப்பிய இடம் அதைப்போலப் பல மடங்கும் காட்டும்.

1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் எம்ஜிபிக்கு முழுப் புது உடற்கூட்டையே செய்து தருவதால், கேள்வி இன்னும் கூர்மையாகிறது. புது உடலில் பழைய எஞ்சினும் பழைய எண்ணும் பொருத்திய கார் முதல் நிலைப்பாட்டுக்கு உயர்ந்தது, இரண்டாவதற்குத் தாழ்ந்தது, மூன்றாவதற்கு ஏற்கத்தக்கது, நான்காவதற்கு வாங்குபவர் இன்னார் என்பதைப் பொறுத்தது. 1974-ன் இறுதியில் அமெரிக்க விதிகளுக்காக வந்த ரப்பர் பம்பரைக் கழற்றி, முந்தைய குரோம் பம்பரைப் பூட்டிய கார்களும் பல. அழகு கூடியிருக்கலாம், ஆனால் அந்தக் கார் எந்த நாளிலும் அப்படி இருந்ததில்லை.

நான்கு நிலைப்பாடுகளும் இந்தச் சில்லைப் பற்றி வேறுபட்டாலும், எந்தத் தகடு எப்போது மாற்றப்பட்டது என்பதை அறியாமல் இவற்றுள் எதுவும் தீர்ப்பளிக்க முடியாது. வேலை நடக்கும்போது எடுத்த நாளிட்ட படங்கள், பாகங்களின் ரசீதுகள், கழற்றிய பழைய பாகங்கள், ஆய்வு நிலைய அறிக்கைகள், கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தரும் மரபுச் சான்றிதழ் ஆகியவை சேர்ந்த ஏடே, ஓரளவு மீட்டமைக்கப்பட்ட காருக்கு முழுமை தருகிறது. செய்யாமல் விட்டவற்றின் பட்டியலும் அதில் இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் 2319 என்று அச்சிட்டிருந்தால், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது 2019-ன் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பதை விற்பவரே சொல்லிவிடுவது முறை.

சட்டம் இங்கே ஓரளவே துணைநிற்கிறது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருள்களுக்கான பாதுகாப்பு, பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆனால் அது வணிகரிடம் வாங்கும் நுகர்வோருக்கே உரியது. தனியார் ஒருவர் மற்றொருவருக்கு விற்கும்போது அது பொருந்தாது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஆர்வலர்களிடையே நேரடியாகவும் கைமாறுவதால், சட்டம் விட்ட இடத்தை விற்பவரின் நேர்மையே நிரப்ப வேண்டியிருக்கிறது.

தீராத கேள்விகள்

மேற்கண்ட நிலைப்பாடுகளுள் எதுவும் முற்றிலும் தவறென்று ஒதுக்கத்தக்கதாக இல்லை. ஒவ்வொன்றும் ஒருவகைக் காருக்கும் ஒருவகை வாங்குபவருக்கும் பொருந்துகிறது. அரிய பந்தயக் காருக்கு மூலத்தைக் காத்தல் வலுவான நெறி; லட்சக்கணக்கில் செய்யப்பட்டு, ஈரக்காற்றில் ஓடவேண்டிய காருக்குத் தொடர்ச்சி நோக்கே நியாயமாகத் தோன்றுகிறது. ஓரளவு மீட்டமைப்பு முடியாத வேலையின் அடையாளமாகக் கருதப்படுவதை மறுபரிசீலனை செய்ய இடமிருக்கிறது. தேவையான இடத்தில் மட்டும் கைவைத்து, மற்றதை அப்படியே விட்டு, இரண்டையும் எழுதிவைத்த உரிமையாளர், டூரின் சாசனம் கேட்பதற்கு அருகிலேயே நிற்கிறார்.

இன்னும் முடிவு காணாதவை சில உண்டு. நன்கு எழுதப்பட்ட ஏட்டுக்கு விலையில் எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு இல்லை. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் பொருத்திய காருக்குத் தொடர்ச்சி வாதம் பொருந்துமா என்பதிலும் உடன்பாடு இல்லை. 1989-ல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்கள் இப்போது 35 ஆண்டு எல்லையைக் கடந்து வருவதால், நிறைய செய்யப்பட்ட, மின்னணு உறுப்புகள் கொண்ட இத்தலைமுறைக்குப் பழைய அளவுகோல்கள் போதுமா என்பது சிங்கப்பூரில் விரைவில் சோதனைக்கு உள்ளாகும். அதுவரை, விலைப்பேச்சு தொடங்குமுன் சான்றிதழின் மதிப்பையும் காரின் மதிப்பையும் இருவரும் தனித்தனியே எழுதிக்கொள்வதும், கார் மாறும் கையிலேயே அதன் ஏடும் மாறுவதும், இன்றைய நிலையில் பரிந்துரைக்கத்தக்க நடைமுறைகளாகக் கொள்ளலாம்.